சிறிய ஸ்பீக்கர்களுடன் ஏழு ஆண்டுகள்

2018-இல் வாங்கிய, ஐந்தங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் கூம்பு) கொண்ட ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும்தான் இன்றுவரை எங்கள் வீட்டுக் கூடத்தில் பாடிக்கொண்டிருக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் அவற்றை அலமாரிக்குள் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், எந்த அடிக்கும் ஒரே மாதிரி 'தொம்' என்று வீங்கி ஒலித்ததை, அதன் கனம் என்றே நம்பி ரசித்தேன்.

வெள்ளையடிப்பதற்காக ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்த அன்று அந்த வீக்கம் வடிந்துவிட்டது. சுவரும் மூலையும் தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும் என்பதைப் படித்திருந்தேன். ஆனால் உள்ளங்கை தொப்பியின் மேல் அழுந்தி நகரும்போது கும்கி என்னும் அந்த ஒலி வளைந்து ஏறுவதை அன்றுதான் காது பிரித்தறிந்தது.

வேலை முடிந்து திரும்ப இணைக்கும்போது, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிச் செருகிவிட்டேன். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்ததால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்தன. பாடகரின் குரலும் நடுவில் நில்லாமல் அறையெங்கும் சிதறியது. மூன்று மாதம் பழைய ஒலிப்பதிவுகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய லாபம் தம்புரா. மந்தர ஸட்ஜத் தந்தியின் (தாழ்ந்த 'ஸ' தந்தியின்) ஒலிக்குள், அதைப்போல் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரமாக அந்தர காந்தாரம் என்னும் 'க' உறைந்திருக்கிறது; தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா என்ற சிறு நூல் உரிய இடத்தில் அமைந்துவிட்டால், யாரும் மீட்டாத அந்தச் சுரம் தானாக எழும். நான்காம் ஆண்டில்தான், ஓர் ஆலாபனையில் பாடகர் மூச்செடுத்த இடைவெளியில், அதை முதன்முதலாகக் கேட்டேன். ஒலியை ஏற்றி அல்ல, குறைத்து வைத்துக் கேட்டபோது.

குறைகளும் உண்டு. தவிலின் முழு அதிர்வு இந்த அளவு வூஃபரில் கிடைக்காது. தூசியேறி வால்யூம் குமிழ் ஆண்டுக்கொரு முறை கரகரக்கிறது. மொசைக் தரையில் கைதட்டினால் கேட்ட எதிரொலி, பவானி ஜமக்காளம் விரித்த பிறகு பெருமளவு அடங்கியது. மின்விசிறிக்குத்தான் மருந்தில்லை. அது சுழன்றால் காந்தாரம் மறைந்துவிடுவதால், மே மாதத்தில் ஆலாபனைகளை விடியற்காலை ஐந்து மணிக்கே கேட்டு முடித்துவிடுகிறேன்.