43 சிஸ்டம், மூணு ஓஎஸ், ஒரே அப்டேட் பெட்டி – கிளாம்ஏவிங்கற இலவச ஆன்டிவைரஸ எட்டு மாசம் ஓட்டுனதுல

திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிங்க நம்முளுது. டேலி, மெர்ச்சண்டைசிங்னு விண்டோஸ் 29, டிசைன் ரூம்ல மேக் 5, செக்கிங் பேக்கிங்ல பார்கோடு என்ட்ரிக்கு உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப் 9, எல்லாத்தையும் நான் ஒருத்தன் தான் பாத்துக்கறேன். விண்டோஸ் 7ல துணி பேட்டர்ன் வரையற கேட் (CAD) சிஸ்டம் ஒண்ணு இருந்துச்சு, 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் அதக் கைகழுவிட்டதால நெட்வொர்க்ல இருந்தே கழட்டி தனியா வெச்சுட்டேன், அது இந்தக் கணக்குல வராது.

முன்னாடி காசு குடுத்து ஒரு ஆன்டிவைரஸ் வாங்கி வெச்சிருந்தோம், பேரு வேண்டாமுங்க. எல்லா சிஸ்டத்தையும் ஒரே எடத்துல காட்டுற அதோட கன்சோல தொறந்தா எல்லாத்துக்கும் பச்சை டிக். ஒரு நாள் எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க்குக்கு போன பென்டிரைவ் திரும்பி வந்துச்சு, டிசைன் ரூம் பொண்ணு அத மேக்ல சொருகி உள்ள இருந்த எக்ஸெல் ஷீட்ட அப்படியே மெர்ச்சண்டைசருக்கு அனுப்பிருச்சு, அவரு விண்டோஸ்ல தொறக்கவும் அலாரம் அடிச்சு ஷிப்மென்ட் நேரத்துல அரை நாள் வேலை நின்னு போச்சு. அப்புறமேட்டுக்கு போயி அந்த மேக்க பாத்தா ஆன்டிவைரஸ் கடைசி அப்டேட் மூணு மாசத்துக்கு முன்னாடி! மேக்குக்கு ஒண்ணும் ஆகலைங்க, ஆனா கடத்தி விட்டது அதுதான். மேக்குக்கும் லினக்ஸுக்கும் வைரஸ் வராது, அப்டேட் எதுக்குன்னு சொல்றவங்களுக்கு இதத்தான் சொல்லுவேன்.

அதுக்கப்புறம் தான் கிளாம்ஏவிக்கு வந்தேன். இலவசம், சோர்ஸ் கோடும் வெளிப்படையா இருக்குது, 2007ல சோர்ஸ்ஃபயர் கைக்குப் போயி 2013ல அந்தக் கம்பெனியவே சிஸ்கோ வாங்குனதுல இருந்து சிஸ்கோ பக்கம் தான் பாத்துக்கறாங்க. ஆனா எடுத்தவொடனே எல்லா சிஸ்டத்துலயும் போட்டு நேரா இன்டர்நெட்ல இருந்து அப்டேட்ட இழுக்க விட்டுறாதீங்க. ஆபீஸ் முழுக்க வெளிய ஒரே ஐபி தான, ஆளாளுக்கு இழுத்தா அவங்க சர்வர் 429னு, அதாவது அளவுக்கு மீறி கேக்கறீங்கன்னு திருப்பி அனுப்பிரும், அப்டேட் எறக்குற ஃப்ரெஷ்கிளாம் புரோகிராமும் கூல்டவுன்னு சொல்லி கொஞ்ச நேரம் எறக்காம உக்காந்துக்கும்.

இதுக்கு வழியையும் அவங்களே குடுத்துருக்காங்க, அப்டேட் ஃபைல ஒரே எடத்துல எறக்கி வெக்கற சிவிடிஅப்டேட்னு ஒரு பைத்தான் டூல். மூலைல கெடந்த ஒரு ஐ3 டெஸ்க்டாப்ல உபுண்டு போட்டு, நேரம் வெச்சு தானா ஓட்டுற கிரான்ல நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா இது ஓடுற மாதிரி வெச்சு, எறக்குன ஃபோல்டர என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர்ல மத்த சிஸ்டத்துக்கு தொறந்து விட்டேன். மத்த சிஸ்டத்துல ஃப்ரெஷ்கிளாம் கான்ஃபிக்ல இந்தப் பெட்டில இருந்தே எடுத்துக்கோன்னு சொல்ற பிரைவேட்மிரர்னு ஒரு வரி, அவ்ளோதான். ஒண்ணு கவனிங்க, பிரைவேட்மிரர் போட்டா மாறுன துண்டு மட்டும் வராது, ஃபைல் முழுசா தான் வரும், ஆனா ஆபீஸ் நெட்வொர்க் (லேன்) குள்ளயே ஓடுறதால அது ஒரு பாரமாவே தெரியல.

ரேம் விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. மொத வாரமே பேக்கிங் அக்கா கூப்பிட்டு "ஏனுங்க தம்பி, பார்கோடு அடிச்சா எழுத்தே வர மாட்டேங்குது"ன்னாங்க. அது 2 ஜிபி சிஸ்டம். பின்னால எப்பவும் ஓடுற கிளாம்டிங்கற புரோகிராம் வைரஸ் டேட்டாபேஸ ஒரு ஜிபிக்கு மேல ரேம்ல ஏத்தி வெச்சுக்கும், புது அப்டேட் வரப்ப பழசையும் வெச்சுக்கிட்டே புதுசையும் ஏத்தும், அப்போ ரெண்டு பங்கு. 3 ஜிபிக்கு மேல வேணும்னு டாகுமென்ட்லயே போட்டுருக்காங்க, நான் தான் அதப் பாக்காம விட்டுட்டேன். கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்ங்கற செட்டிங்க நோன்னு மாத்துனா பழச விட்டுட்டு தான் புதுச ஏத்தும், அந்தக் கொஞ்ச நேரம் ஸ்கேன் நின்னு போகும். அப்படியும் மொதலாளி அண்ணங்கிட்ட சொல்லி ஒம்பதுக்கும் ரேம் போட்டுட்டோம்.

விண்டோஸுக்கு இத மட்டும் நம்பாதீங்க. லினக்ஸ்ல கிளாம்ஆன்அக் இருக்குது, ஃபைல தொறக்கறப்பவே பாத்துரும், விண்டோஸ் மேக் ரெண்டுலயும் அது கெடையாது, நாம ஸ்கேன் ஓட்டுனா தான் உண்டு. அதனால மேக்ல மத்தியானமும் ராத்திரியும் ஸ்கேன் ஓடுற மாதிரி வெச்சிருக்கேன், விண்டோஸ் 29லயும் அதுலயே வர்ற மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தான். அதுக்கும் அப்டேட் அதே ஐ3 பெட்டில இருந்து தான் போகுது, ஷேர் ஃபோல்டர் குள்ள எக்ஸ்64னு ஒரு ஃபோல்டர் வெச்சு எம்பேம்-எஃப்இங்கற டிஃபெண்டர் அப்டேட் ஃபைல அதுல போட்டு, விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற பவர்ஷெல்ல அந்த ஷேரோட பாதைய குடுத்துட்டா எடுத்துக்குது.

ஒரே கன்சோல்ல எல்லாத்தையும் பாக்கோணும்னா இது உங்களுக்கு ஒத்து வராது, கன்சோலே கெடையாது. நான் திங்கக்கெழமை காலைல மொத வேலையா எல்லா லினக்ஸ் மேக்லயும் கிளாம்ஸ்கேன் வெர்ஷன் கமாண்ட் ஓட்டி நோட்டுல எழுதறேன், அதுல டேட்டாபேஸ் நம்பரும் தேதியும் வந்துரும். பச்சை டிக்க விட எனக்கு இந்த தேதி தான் நம்பிக்கைங்க. விண்டோஸுக்கும் பவர்ஷெல்ல கேட்டா கடைசி அப்டேட் தேதி வருது.

இந்த வாரம் லினக்ஸ் மேக் 14ல 13 ஒரே டேட்டாபேஸ் நம்பர். மிச்சம் ஒண்ணு டிசைனர் ஈரோட்டுக்கு வீட்டுக்கே எடுத்துட்டுப் போன மேக், அங்க இருந்து ஆபீஸ் அப்டேட் பெட்டி எட்டாதுல்ல, அதுக்கு வீட்டுல ஓட்ட தனி கான்ஃபிக் ஃபைல் ஒண்ணு எழுதிக் குடுத்துருக்கேன், வர்ற திங்கக்கெழமை தேதி என்ன காட்டுதுன்னு பாக்கோணும்.