பென்டன்வில்லா, ஃபேயட்வில்லா?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்குப் பகுதிக்கு வேலை மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஊரில் வீடு பார்ப்பது என்பதுதான். பென்டன்வில்லுக்கும் ஃபேயட்வில்லுக்கும் நடுவே காரில் அரை மணி நேரம். ஆனால் இரண்டும் வளர்ந்த விதமே வேறு.

1950-ல், பின்னாளில் வால்மார்ட் கடைகளைத் தொடங்கிய சாம் வால்டன் பென்டன்வில் சதுக்கத்தில் கடை போட்டபோது ஊரில் சுமார் 3,000 பேர்தான். அதே மாநிலத்து நியூபோர்ட் ஊரில் நன்றாக ஓடிய கடையின் குத்தகையைக் கட்டட உரிமையாளர் நீட்டித் தராததால் இங்கே வந்தவர் அவர். பென்டன்வில்லில் போட்ட அந்தக் கடை இன்று அருங்காட்சியகம். அவர் கடைசிவரை ஓட்டிய 1979 ஃபோர்டு பிக்கப் வண்டியையும் அங்கே பார்க்கலாம். 2010-ல் 35,301 ஆக இருந்த மக்கள்தொகை 2020-ல் 54,164 ஆனது. வால்மார்ட் தலைமையகமும், அதற்குச் சரக்கு விற்கும் கம்பெனிகளின் அலுவலகங்களும் இழுத்து வந்த கூட்டம் இது. நம்மவர்கள் பலரும் அப்படி வந்தவர்கள்தான்.

கம்பெனி ஊர் என்றால் சலிப்பாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் சாம் வால்டனின் மகள் ஆலிஸ் வால்டன் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடம், காட்டுப் பள்ளத்தாக்கில் நீரூற்றுக் குளங்களின் மேல் நிற்கிறது. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. மலைச் சைக்கிள் பாதைகளோ ஊருக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன.

ஃபேயட்வில் பெரியது, 2020-ல் 93,949 பேர். 1871-ல் தொடங்கிய ஆர்கன்சா பல்கலைக்கழகம்தான் அதன் உயிர். வளாக நடைபாதையில் 1876 முதல் பட்டம் பெற்றவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்துகள் மங்கிக்கிடக்கும். குனிந்துதான் படிக்க வேண்டும். பத்துப் பேர்கூட இல்லாத ஆண்டிலிருந்து பெயர்கள் பெருகிக்கொண்டே வருவதைக் காலடியில் பார்க்கும்போது, ஊர் வளர்ந்த கதை புரிந்துவிடும்.

கஷ்டம் என்றால் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைதான். அரங்கத்தில் மட்டும் 70,000 பேருக்கு மேல் உட்காரலாம். அன்றைக்குக் காரை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது.

வால்மார்ட் தலைமையகத்தில் வேலை, வீட்டில் சின்னக் குழந்தைகள் என்றால் பென்டன்வில்லே சரி. தினமும் ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஆனால் கணவனோ மனைவியோ மேற்படிப்பு படிக்க நினைத்தால் ஃபேயட்வில்லுக்கே என் ஓட்டு. அப்புறம் இன்னொன்று: பென்டன்வில்லில் உங்கள் சம்பளம், பக்கத்து வீட்டுக்காரர் சம்பளம், வீட்டு விலை மூன்றும் பெரும்பாலும் ஒரே கம்பெனியை நம்பியிருக்கும். ஆட்குறைப்பு வந்தால் மூன்றும் சேர்ந்து ஆடும். அதனால் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். வாங்குவதற்கு முன்னால், ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் ஃபேயட்வில் சதுக்கத்து உழவர் சந்தைக்கும், மாலையில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் காட்டுப் பாதைக்கும் குடும்பத்தோடு போய்வாருங்கள்.