சுவரில் மாட்டியிருக்கும் முதல் பக்கத்தை நம்பாதீர்கள்: விமான ஏவியானிக்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் ஒரு பேனர் தொங்குகிறது. ஒரு விமானம், வெள்ளைச் சட்டை போட்ட நான்கு பிள்ளைகள், கீழே கொட்டை எழுத்தில் ‘டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றது’, அதாவது விமானத் துறையைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பின் அங்கீகாரம். நான் படித்த இடத்தின் பேனர் இல்லை, வேறு ஏதோ ஒன்று. நல்ல இடமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பித்தான் நான் இரண்டு வருஷத்தையும் என் வீட்டார் 5,40,000 ரூபாயையும் இழந்தோம். அட்மிஷன் நடக்கும் இந்த நேரத்தில் சொன்னால்தான் யாருக்காவது உதவும்.

நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

அப்பா தேனிப் பக்கம் டிவி, ரேடியோ மெக்கானிக். எட்டாம் வகுப்பிலேயே எனக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்த கல்வி ஆலோசகர் ஒருவர், விமானத்தின் ரேடியோ, ரேடார், ஆட்டோ பைலட், விமானியின் முன்னால் இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் பழுது பார்க்க ஏவியானிக்ஸ் என்று தனிப் படிப்பே இருக்கிறது என்றார். அன்று இரவு அப்பாவிடம் சொன்னபோது அவர் கடையில் வேலையை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விமானத்தைப் பராமரித்து, ‘பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. எந்தக் கல்லூரியும் லைசென்ஸ் கொடுக்க முடியாது. சிஏஆர்-66 என்ற விதிப்படி லைசென்ஸில் பிரிவுகள் உண்டு. பி1 என்றால் என்ஜின், உடல்பகுதி, இயந்திர அமைப்புகள், அதிலேயே பி1.1 டர்பைன் என்ஜின் விமானங்களுக்கு, பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர்களுக்கு என்று உட்பிரிவுகள். பி2 என்றால் ஏவியானிக்ஸ், எலக்ட்ரிக்கல். பாடம் நடத்தும் நிறுவனத்துக்கு சிஏஆர்-147 என்ற தனி விதியின்படி அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் கட்டடத்துக்குக் கிடைப்பதில்லை, பிரிவுக்குக் கிடைப்பது. பி1.1 நடத்த அனுமதி பெற்ற இடம் பி2 நடத்தக் கூடாது. இந்த ஒரு விஷயம் எனக்கு அன்று தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

நானும் அப்பாவும் முதல்முறை போனபோது வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, என்னை வாசிக்கச் சொன்னார். அரசு முத்திரை, நிறுவனத்தின் பெயர், முகவரி, அங்கீகார எண், எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மை. ‘இணைக்கப்பட்ட அட்டவணையில் உள்ள பயிற்சிகளுக்கு’ என்றும் ஒரு வரி இருந்தது. அதையும் வாசித்தேன். அந்த அட்டவணை எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. எந்தப் பிரிவுக்கு அனுமதி என்பது அந்த இரண்டாவது பக்கத்தில்தான் எழுதியிருக்கும். அவர்கள் சட்டம் போட்டு மாட்டியது முதல் பக்கத்தை மட்டும்.

“சார், பி2-ன்னா எலக்ட்ரானிக்ஸ்தானே, அதுவும் இதுல உண்டுங்களா?” என்று அப்பா கேட்டார். “எல்லாமே இதுல வந்துருங்கய்யா. தம்பியை எங்ககிட்ட விட்டுட்டீங்க, நாலு வருஷத்துல லட்ச ரூபா சம்பளத்துல பார்ப்பீங்க” என்று அட்மிஷன் பார்த்தவர் சொன்னார்.

அடுத்த எச்சரிக்கை வங்கியிலிருந்து வந்தது. அதையும் தவறவிட்டோம். கல்விக் கடன் கேட்டுப் போனபோது வங்கி அதிகாரி, விமானம் சம்பந்தப்பட்ட படிப்பென்றால் டிஜிசிஏ அங்கீகாரக் கடிதம் வேண்டும், அதில் படிப்பின் பெயர் இருக்கவேண்டும் என்றார். நிறுவனம் கொடுத்த நகலில் பி2 என்ற எழுத்தே இல்லை. அவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். எங்களுக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று. “பேங்க்காரங்க அப்படித்தான், நாங்க பார்த்துக்கறோம்” என்று நிறுவனமே ஒரு தனியார் நிதி நிறுவனத்தைக் கைகாட்டியது. வட்டி அதிகம். மீதிக்கு அம்மாவின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது. அந்த அதிகாரி அன்று எங்களைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார். இப்போது யாராவது வங்கியில் கடன் மறுக்கப்பட்டு நின்றால், என்ன காரணம் என்று உட்கார்ந்து கேளுங்கள், தயவுசெய்து.

பி2 பாடத்துக்குக் குறைந்தது 2400 மணி நேரம் பயிற்சி வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் செய்முறையாக இருக்கவேண்டும். எங்கள் செய்முறை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். தகரக் கொட்டகையில் செஸ்னா 150 என்ற பழைய சின்ன விமானம் ஒன்று நின்றது. புதுப் பெயின்ட் பளபளவென்று இருக்கும், விளம்பரப் புகைப்படத்துக்கு அதுதான். உள்ளே குனிந்து பார்த்தால் ரேடியோ இருந்த இடத்தில் சதுர ஓட்டை, பின்னால் வெட்டி விடப்பட்ட ஒயர்கள், பேட்டரி வைக்கும் பெட்டியில் பேட்டரி இல்லை. ஏவியானிக்ஸ் லேப் என்ற அறையில் பெரிய விமானத்திலிருந்து கழற்றிய கருவிகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய விமானங்களில் பெரும்பாலும் மின்சாரம் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் சின்னதாகவும் எடை குறைவாகவும் செய்யலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. எங்கள் லேப்பில் இருந்ததோ வீட்டில் உள்ள அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பிளக் பாயின்ட். மாற்றிக் கொடுக்கும் கருவி இல்லை. அங்கிருந்த ஒரு கருவிக்குக்கூட ஒரு நாளும் கரண்ட் கொடுத்துப் பார்த்ததில்லை. முள் அசைவதைப் பார்க்காமலேயே அதைப் பற்றிப் பரீட்சை எழுதினோம்.

ஒரே ஒரு நல்ல ஆசிரியர் இருந்தார். விமானப்படையில் ரேடியோ பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒயர் முனையில் உலோகப் பின்னை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் லேப்பில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, அதில் ஒட்டியிருந்த அளவுச்சோதனை ஸ்டிக்கர் காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் சார் தன் சொந்த டூலை சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவார். ஒயரின் உறையைச் சீவும்போது உள்ளே இருக்கும் மெல்லிய இழை ஒன்றுகூட வெட்டுப்படக் கூடாது. பின்னுக்குள் ஒயரைச் செருகி, பின்னின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாக இழை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அழுத்தவேண்டும். அப்புறம் மெதுவாக இழுத்துப் பார்க்கவேண்டும். “இழை அறுந்த ஒயரை கிரிம்ப் பண்ணாதப்பா. இன்னைக்கு வேலை செய்யும். அதிர்வுல என்னைக்காவது ஒரு நாள் கழன்டுக்கும்” என்பார். அவர் இருந்த ஆறு மாதத்தில் அவரிடம் கற்றதுதான் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. சம்பளப் பாக்கியால் அவர் போய்விட்டார். போகும்போது, “பி2-வுக்குப் பேப்பர் வந்துருச்சான்னு ஆபீஸ்ல கேளுங்கப்பா” என்று மட்டும் சொன்னார். கேட்டோம். “வந்துரும்” என்றார்கள்.

அவர் போன பிறகு செய்முறை வகுப்பே நின்றுபோனது. ஆனால் செய்முறைப் பதிவேடு மட்டும் நிரம்பியது. சீனியர்களின் பதிவேட்டைக் கொடுத்து, தேதியை மாற்றி எழுதச் சொன்னார்கள். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பணம் போனதைவிட இது அதிகமாக உறுத்துகிறது. நாளைக்கு ஒரு விமானத்தின் பதிவேட்டில் கையெழுத்துப் போடப்போகிற பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது பொய்க் கையெழுத்து.

நான்காவது செமஸ்டரில், பயிற்சிக்கு ஹேங்கரை (விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கூடத்தை) நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். பழைய சார் ஒரு இடத்தில் பேசிவிட்டார். நாங்கள் மூன்று பேர் போனோம். அங்கே குவாலிட்டி மேனேஜர் எங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, “தம்பி, அங்கீகார அட்டவணைப் பக்கம் எங்க?” என்று கேட்டார். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல். எங்கள் நிறுவனத்தின் பெயருக்கு நேராக பி1.1 என்று மட்டும் இருந்தது. “உங்களுக்கு பி2 இல்லையேப்பா” என்றார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்களால் குடிக்க முடியவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள், படித்தது படித்ததுதானே என்று. அங்கீகாரம் பெற்ற பி2 படிப்பை முடித்தவருக்கு லைசென்ஸ் கேட்க 2 வருஷ வேலை அனுபவம் போதும். தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாதவர் 5 வருஷ அனுபவம் காட்டவேண்டும். ஏட்டில் நாங்கள் இந்த இரண்டாவது வகைக்குப் போய்விட்டோம். எல்லாத் தாள்களிலும் 75 விழுக்காடு மதிப்பெண் எடுத்தாகவேண்டிய தேர்வு தனி. அதெல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்தாலும், குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தில் கையெழுத்துப் போட அந்த ரகத்துக்கான பயிற்சி வேறு. ‘படித்து முடித்ததும் லட்ச ரூபாய்’ என்று யார் சொன்னாலும், இந்தப் படிகளையெல்லாம் மறைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஆபீஸில் போய்க் கேட்டபோது, பி2-வுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் வரும் என்றார்கள். நாங்கள் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. இன்னொரு 80,000 கட்டினால் பி1.1-க்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார்கள். எங்கள் வகுப்பின் 26 பேரில் 9 பேர் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாத நிலை எல்லோருக்கும் உண்டு. நான் மறுத்தேன். உடனே 22,000 நிலுவை என்று சொல்லி என் பிளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த நான்காம் நாள் அது கைக்கு வந்தது.

சேரப் போகிறவர்கள் முதலில் டிஜிசிஏ இணையதளத்தில் அந்தப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். அவர்கள் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். உங்கள் பிரிவு அந்த நிறுவனத்தின் பெயருக்கு நேராக இருக்கிறதா, அங்கீகாரம் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அட்டவணைப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் டிஜிசிஏ-வின் மண்டல அலுவலகம் இருக்கிறது, எழுதிக் கேட்கலாம். ‘ஐஎஸ்ஓ சான்று பெற்றது’, ‘ஈஸா பேட்டர்ன்’ என்பதெல்லாம் இந்த அங்கீகாரத்துக்கு ஈடாகாது. ஈஸா என்பது ஐரோப்பிய அமைப்பு. அதன் பாடத்திட்டத்தைப் பார்த்துப் பாடம் நடத்துவதும் அதன் அங்கீகாரம் பெறுவதும் ஒன்றல்ல. பி.எஸ்சி. பட்டமும் சேர்ந்து கிடைக்கும் என்பார்கள். பட்டம் பட்டமாக இருக்கும், அதை வைத்து லைசென்ஸ் வராது.

லேப்பைப் பார்க்கப் போனால் சுற்றிப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஏதாவது ஒரு கருவிக்குக் கரண்ட் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாடம் நடத்துகிறவர்களில் பி2 லைசென்ஸ் உள்ளவர் யார் என்று கேளுங்கள். இரண்டாம் வருஷப் பையன்களிடம் வாசலுக்கு வெளியே வைத்துப் பேசுங்கள், உள்ளே வைத்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ரசீதையும் கவனியுங்கள். எங்களுக்குக் கொடுத்த ரசீதுகள் நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஏதோ ஒரு டிரஸ்டின் பெயரில் இருந்தன. பாதிப் பணம் ரொக்கமாகப் போனது. இப்போது அந்த டிரஸ்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். எங்கள் புகார் இவ்வளவு நாள் இழுப்பதற்கு அதுதான் பெரிய காரணம். இதுவரை எனக்குத் திரும்ப வந்தது 60,000.

இந்த வருஷம் பி2 அங்கீகாரம் உள்ள வேறொரு இடத்தில் முதல் செமஸ்டரிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன். அட்டவணைப் பக்கத்தை அப்பா நகல் எடுத்துக் கடையில் வைத்திருக்கிறார். என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டிரஸ்ட் பெயரில் உள்ள ரசீது, வாட்ஸப்பில் வந்த கட்டண நினைவூட்டல், பதிவேட்டை மாற்றி எழுதச் சொல்லி வந்த குரல் பதிவு, எதையும் அழிக்காதீர்கள். புகாரில் இப்போது 11 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.