வாடகை வீட்டு ஏ.சி.க்கு ‘கேஸ் இறங்கிடுச்சு’ என்று போன் வந்தால்

சென்னையில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் ஃபிளாட் துரைப்பாக்கத்தில் இருக்கிறது, நான் திருச்சியில் இருக்கிறேன். இரண்டு படுக்கையறையிலும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. மாட்டித்தான் வாடகைக்கு விட்டேன். ஓ.எம்.ஆர். பக்கம் ஏ.சி. இல்லாத வீட்டை இப்போது யாரும் சீண்டுவதில்லை. அவற்றைப் பராமரிக்க ஒரு சர்வீஸ் நிறுவனத்திடம் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டேன். பெயர் சொல்லப்போவதில்லை. இதே வித்தையைச் செய்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

ஒப்பந்தத்தில் சர்வீஸ் இலவசம். ‘கேஸ், உதிரிபாகம் தனி’ என்று கீழே ஒரு வரி. அவர்கள் பிழைப்பு முழுக்க அந்த ஒரு வரியில்தான் நடக்கிறது.

ஏப்ரல் வெயிலில் குடியிருந்த தம்பி போன் செய்தார்: “சார், பெட்ரூம்ல கூலிங்கே இல்ல.” டெக்னீஷியன் போனார். கொஞ்ச நேரத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேஜ் (கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டர்) படம். முள் 40 psi-க்குப் பக்கத்தில் நிற்கிறது. “கேஸ் இறங்கிடுச்சு சார், இது ஆர்-32, விலை ஜாஸ்தி. 3,500 ஆகும். ஓகேன்னா இப்பவே போட்டுடறேன், டெனன்ட் ரொம்ப அவசரப்படுத்தறாங்க.” (ஆர்-32 என்பது ஏ.சி.யில் குளிரூட்டும் கேஸ் வகைகளில் ஒன்று.) பணம் அனுப்பினேன், கூலிங் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் அடுத்த அறைக்கு அதே படம், அதே வசனம். அடுத்த கோடையில் மறுபடி முதல் ஏ.சி. இந்தத் தடவை கூடவே, “கூலிங் காயில் லீக் சார், ஒர்க்‌ஷாப் கொண்டுபோய் வெல்டிங் வைக்கணும்” என்று இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் காயிலை, அதாவது குளிரூட்டும் குழாய்ச் சுருளை, கழற்றி எடுத்துப்போய், மறுநாள் கொண்டுவந்து மாட்டினார்கள். அதற்கு 5,000-க்குச் சற்று மேல் ஒரு பில்.

என் மச்சினன் ஃபிரிட்ஜ், ஏ.சி. வேலை பார்ப்பவன். ஒரு நாள் இந்தப் படங்களைக் காட்டியபோது பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, கேஜ் குத்தறது தடி பைப்புல. அப்போ இந்த மெல்லிசு பைப் வால்வுல ஆலன் கீ எதுக்கு நிக்குது?”

அவன் விளக்கியது இதுதான். அவுட்டோர் யூனிட்டில் இரண்டு செப்புக் குழாய் வந்து சேரும். மெல்லிய குழாய் வழியே திரவமாக கேஸ் உள்ளே போகும், தடித்த குழாய் வழியே ஆவியாகத் திரும்பும். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) மூடிவிட்டால், உள்ளே போவது நின்றுவிடும். ஆனால் கம்ப்ரஸர் இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கும். கேஜ் முள் சரசரவென்று இறங்கும். வீடு மாற்றும்போது கேஸ் வீணாகாமல் அவுட்டோரில் அடைத்துவைக்க எல்லா மெக்கானிக்கும் செய்கிற நியாயமான வேலை இது. இந்த ஆள் முள் 40-க்கு வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, நான் பணம் போட்டதும் வால்வைத் திறந்திருக்கிறார். ஒரு கிராம் கேஸ்கூடப் போடாமல் முள் பழைய இடத்துக்கு ஏறிவிடும்.

அப்படியானால் கூலிங் எப்படி வந்தது? ஃபில்டரும் காயிலும் தூசி அடைத்துக் கிடந்திருக்கின்றன. ஒப்பந்தப்படி இலவசமாகச் செய்ய வேண்டிய தண்ணீர் வாஷ் ஒன்றை அடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் குழாய் இணைகிற ஃபிளேர் நட்டில் இருக்கும், சோப்பு நுரை தடவினாலே குமிழி காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை அடைத்து, வேக்கம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகுதான் கேஸ் போட வேண்டும். அதையும் தராசில் எடை பார்த்துத்தான் போட வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும். இவ்வளவையும் தோளில் மாட்டிய பையோடு வந்து இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போக முடியாது. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது என்பதால், கசிவைத் தேடாமல் ‘டாப்-அப்’ செய்வது பண நஷ்டத்தோடு போகிற விஷயமும் இல்லை.

கேஜ் படத்தைப் பற்றி இன்னொன்று. ஏ.சி. ஓடாமல் நிற்கும்போது எடுத்த படத்துக்கு அர்த்தமே இல்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கும், அளவு அல்ல. ஓடும்போது பழைய ஆர்-22 கேஸ் என்றால் 60-70 psi, ஆர்-32 என்றால் அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு இருக்கும். எந்தக் கேஸ், ஓடும்போதா, இரண்டு வால்வும் திறந்திருக்கின்றனவா என்று தெரியாத படத்தை வைத்துப் பணம் அனுப்பக் கூடாது.

காயில் கதை இதைவிட மோசம். அந்தத் தம்பி வீட்டைக் காலி செய்ததும் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்டோர் மூடியைக் கழற்றியதும் பக்கவாட்டில் வளைந்து வளைந்து தெரியும் குழாய் முனைகள் வெள்ளையாக இருந்தன. நான் வாங்கியது செப்புக் காயில், அந்த முனைகள் சிவப்பாக இருக்க வேண்டும். அலுமினியக் காயிலை மாட்டிவிட்டு என் செப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் ஒட்டவைப்பது கஷ்டம். செப்போடு சேரும் இடமும் கடற்கரை ஈரக்காற்றில் சீக்கிரம் அரிக்கும்.

வாடகை வீடுகளைக் குறிவைப்பதற்குக் காரணம் சுலபம்: பணம் கொடுப்பவர் அங்கே இல்லை, அங்கே இருப்பவர் பணம் கொடுப்பதில்லை. என்னிடம் “டெனன்ட் அவசரப்படுத்தறாங்க” என்றவர், குடியிருந்த தம்பியிடம் “ஓனர் ஓகே பண்ணிட்டார், இங்க சைன் பண்ணுங்க” என்றிருக்கிறார். மீட்டிங்கில் இருந்த பையன் ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

நிறுவனத்திடம் இரண்டு கேள்வி எழுத்தில் கேட்டேன்: கசிவு எந்த இடத்தில், எத்தனை கிராம் போட்டீர்கள்? “அந்த டெக்னீஷியன் வேலையை விட்டுப் போயிட்டார் சார்.” தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு குரல் மாறியது. கடைசியாகப் போட்டதாகச் சொன்ன கேஸ் பணம் திரும்பி வந்தது, கூடவே ‘அடுத்த வருஷ ஏ.எம்.சி. இலவசம்’ என்று ஒரு சலுகை! காயிலைப் பற்றிக் கேட்டால், முதலிலிருந்தே அதுதான் இருந்தது என்கிறார்கள். ஏ.சி. தயாரித்த கம்பெனியின் ஆளை வரவழைத்து, இது எங்கள் காயில் இல்லை என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அதனால் திருச்சியிலேயே போடுகிறேன்.

இப்போது புதிதாகக் குடிவந்தவர்களிடம் சாவி கொடுக்கும்போதே காயில் முனை, அவுட்டோர் லேபிள், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் இரண்டு பேருமாகப் படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழுவுவது அவர்கள் பொறுப்பு, மற்ற பழுது என் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். மெக்கானிக் யார் வந்தாலும் நான், குடியிருப்பவர், அவர் மூவரும் இருக்கும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான் பேச்சு. கேஸ் என்றால் முதலில் குமிழி வீடியோ, அப்புறம் தராசுப் படம், அப்புறம்தான் பணம். காயில் வாசலைத் தாண்டக் கூடாது. வெல்டிங்கோ எதுவோ, வீட்டிலேயே வைத்துச் செய்யட்டும். இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் ஒரு ஆள் வரவே மறுத்துவிட்டார். அடுத்து வந்தவர் ஃபிளேர் நட்டை இறுக்கிவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.