கடலோரத்தில் வாடகைக் குடில்: ஓலையா, இரும்புக் கேபினா, ஓட்டு அறையா?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் அரியமான், உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் தோப்புக்குள் ஒரு சின்னக் குடில் போட்டு வாடகைக்கு விட நினைப்பவர்கள் இப்போது அதிகம். சீசனுக்கு மட்டுமல்லாமல் பன்னிரண்டு மாதமும் ஆள் தங்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். அதற்கு மூன்று வழி இருக்கிறது: பனை ஓலைக் குடில், லாரியில் வந்து இறங்கும் இரும்பு போர்ட்டா கேபின், செங்கல் சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த அறை. நாங்கள் கட்டியது மூன்றாவது. முன்பக்கத் திண்ணையையும் சேர்த்து பன்னிரண்டுக்கு இருபது அடி. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறோம்.

ஓலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியில் அதை மிஞ்ச எதுவும் கிடையாது, செலவும் குறைவு. ஆனால் தென்னங்கீற்றை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பனை ஓலை இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். வேயத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் ஓலை வாங்குவதைவிடப் பெரிய பாடு. கட்டுக்கம்பியால் கட்டினால் துருப்பிடித்து அறுந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஓலை பிரிந்துவிடும். பனை நாரால் கட்டி, மேலே பழைய மீன் வலையைப் போர்த்தி, நாலு மூலையிலும் இழுத்துக் கட்ட வேண்டும். எலி, பாம்பு, தீ என்று மூன்று பயமும் எப்போதும் உண்டு. பகலில் உட்கார்ந்து சாப்பிட ஓலைக் கொட்டகை அருமையான இடம். குடும்பத்தோடு வந்து ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது சரிப்படாது.

போட்டி உண்மையில் இரும்புக் கேபினுக்கும் ஓட்டு அறைக்கும்தான்.

கேபின் ஒரே நாளில் நின்றுவிடும், பார்க்கவும் புதுசாக இருக்கும், வேண்டாமென்றால் கிரேன் வைத்துத் தூக்கிப் போகலாம். ‘கழற்றி எடுத்துப் போகக் கூடியதுதானே, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் இறக்க வேண்டும்.

கேபினின் சிக்கல் உப்பு. பாம்பன், மண்டபம் பகுதி இரும்பு அரிப்புக்குப் பேர்போன இடம். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிப்புச் சோதனைக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் சேர்த்திருக்கிறார்கள். சாதாரண எனாமல் அடித்த கேபினை அதே காற்றில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

துரு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மழை படும் முகப்பில் உப்பு கழுவிப் போய்விடும். மழை எட்டாத அடிப்பாகம், கூரை விளிம்பின் உள்பக்கம், கதவு கீல், வெல்டிங் வைத்த மூட்டு, தகரத்தை வெட்டிய ஓரம், திருகாணித் தலை ஆகிய இடங்களில் அது படிந்தபடியே கிடக்கும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மழையே இல்லாத மே மாதத்திலும் ராத்திரி முழுக்க அந்த இரும்பு நனைந்துதான் இருக்கிறது. தரைக்கு அடியில் ஓடும் சேனலைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே கீழே அது அடை அடையாக உரிந்து வரும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீரில் கழுவுவதுதான். சாதாரண மாதங்களில் மாதம் ஒரு முறை, கச்சான் அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறை. இங்கே நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. கிணற்று உவர் நீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏறும். லாரித் தண்ணீர் வாங்கிக் கேபினைக் குளிப்பாட்டும் செலவை எந்த விலைப்பட்டியலிலும் எழுதித் தர மாட்டார்கள்.

மறுபெயின்ட் அடிப்பதிலும் வரிசை தப்பக் கூடாது. முதலில் கழுவ வேண்டும், பிறகு கிரைண்டரில் துருவை எடுக்க வேண்டும், மறுபடி கழுவிக் காயவிட வேண்டும். அதன் பிறகுதான் துத்தநாகம் மிகுந்த எபாக்சி பிரைமர், அதன் மேல் எபாக்சி, கடைசியாக பாலியூரித்தேன். உப்பு இருக்க மேலே பூசினால் அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் விடும். அத்தனை நாளும் வாடகை கிடையாது. கேபின்தான் வேண்டும் என்றால் தகரத்தில் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகப் பூச்சு கேளுங்கள், சந்தையில் பல தகரங்களில் 120 கிராம்தான் இருக்கும். திருகாணி 316 தர ஸ்டெயின்லெஸ், 304 போதாது. ஆள் நுழைந்து கழுவும் அளவுக்கு, இரண்டரை அடித் தூண் மேல் உட்கார வையுங்கள். ஃபைபர் கேபின்கள் இந்தத் தொல்லையைத் தீர்க்கலாம். ஆனால் இந்தக் கரையில் அவற்றுக்கு இன்னும் வயசாகவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டோம்.

ஓட்டு அறையின் பலம், இரும்பே இல்லாமல் அதைக் கட்டி முடிக்கலாம் என்பது. உத்தரத்துக்குக் கல் பலகை, கூரைக்குப் பனங்கை எனும் பனை மரச் சட்டம், ஜன்னலுக்கு மரக் கம்பி, கீலும் தாழ்ப்பாளும் பித்தளை. பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கறுத்து வைரம் பாய்ந்த பனங்கை கிடைக்கும், அதுவே புதியதைவிட நல்லது. எங்காவது கான்கிரீட் தவிர்க்க முடியாமல் போனால் எம்30 தரக் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும். கொத்தனார் வழக்கமாக விடும் 20 மில்லிமீட்டர் இங்கே ஆகாது. கலக்க உவர் நீரும் ஆகாது.

எங்கள் அளவுக்கு, சுவருக்கு வெளியே நீளும் இரண்டடி இறவாணத்தோடு 700 மங்களூர் ஓடு போதும். காற்றுக்கு முதலில் எழும்புவது இறவாண வரிசையும் பக்கவாட்டு ஓரமும். அந்த ஓடுகளை அடியிலுள்ள துளை வழியாகச் செம்புக் கம்பி கோத்து, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டத்தோடு கட்டுங்கள். செம்பில் பட்டு வழியும் தண்ணீர் துத்தநாகத் தகரத்தைத் தின்னும், ஆகவே கூரைத் தண்ணீரை ஏந்தும் தாழ்வாரக் குழாய் பிவிசியில் இருக்கட்டும். திண்ணைக் கூரையைத் தனியாகத் தாழ்த்திப் போடுங்கள். புயலில் அது போனாலும் அறைக் கூரை நிற்கும்.

குறையும் உண்டு. கட்ட மூன்று மாதமாவது பிடிக்கும். இடத்தை விட்டால் கட்டடத்தையும் விட வேண்டியதுதான், குத்தகை நிலத்துக்கு இது ஒத்துவராது. சுவரின் அடியில் உப்புப் பூக்கும். சிமென்ட் பூச்சு அங்கே பொருக்காக உதிரும். கீழ் மூன்றடிக்குச் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தால் உப்பு வெளியேற வழி கிடைக்கும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மட்டும் சுரண்டிப் பூசினால் போதும்.

எந்தக் கரை என்பதும் வாடகையைப் பாதிக்கும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், மணல் முகத்தில் அடிக்கும். பாக் நீரிணைப் பக்கம் அப்போது குளம் மாதிரி கிடக்கும். வாடையில் நிலைமை தலைகீழ். தென்கரையில் கட்டுகிறவர்கள் வாசலைத் தென்மேற்கில் வைக்கவே கூடாது. ஏசி வைத்தால் வெளிப்பெட்டியை காற்றுக்கு மறைவான வடகிழக்குச் சுவரில் மாட்டுங்கள், செம்புச் சுருள் உள்ளதாக வாங்குங்கள்.

மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதற்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் ஏணி போட்டு ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, ஓட்டுப் பள்ளத்தில் சேர்ந்த சருகை வாரிவிட வேண்டும். வாங்கும்போதே ஐம்பது ஓடு கூடுதலாக வாங்கி அடுக்கி வையுங்கள். அச்சு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பிறகு வாங்குவது பழைய வரிசையில் உட்காராது.