பிர்ச் மகரந்தமும் ஆப்பிளும்: ஊசியா, தின்று பழகுவதா?

பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் மகரந்தம் ஒவ்வாத பலருக்கு ஆப்பிளைக் கடித்ததும் வாயும் தொண்டையும் நமைக்கும். மகரந்தத்தின் பெட் வி 1 புரதமும் ஆப்பிளின் மால் டி 1 புரதமும் ஒரே சாயல் என்பதால் உடல் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. மால் டி 1 சூட்டில் சிதைவதால், வேகவைத்த ஆப்பிள் போதும் என்பவர்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை.

மகரந்தச் சத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி உடலைப் பழக்கும் மகரந்த ஊசி 3 முதல் 5 ஆண்டு எடுக்கும். தும்மலும் கண் அரிப்பும் பெரும் தொல்லை என்றால் அதுவே சரி. பழ அலர்ஜிக்கு அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆப்பிளுக்காக மட்டும் ஊசியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் சாய்வு ஆப்பிளைத் தின்றே பழகும் முறைக்குத்தான். 2012இல் வெளியான ஆய்வில் 1 கிராமில் தொடங்கி, 2–3 வாரத்துக்கு ஒருமுறை இரட்டித்து 128 கிராம் வரை கொண்டுபோனார்கள். 8 மாத முடிவில் 27 பேரில் 17 பேர் அந்த அளவைத் தாங்கினார்கள்; சிகிச்சை பெறாத 13 பேரில் ஒருவரும் இல்லை. சிறிய ஆய்வுதான், அதுவும் லேசான வாய் நமைச்சல் உள்ளவர்களிடம் நடந்தது.

முதல் அளவை மருத்துவர் முன்னிலையில், மகரந்தப் பருவம் முடிந்த பிறகு தொடங்குங்கள். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். ரகத்தை மாற்றாதீர்கள், ரகத்துக்கு ரகம் மால் டி 1 அளவு வேறு. வெட்டியதும் தின்னுங்கள்: பழுப்பேறிய துண்டில் வீரியம் குறையும், மறுநாள் புதுத் துண்டு அதிகமாகத் தாக்கும். சில நிமிடத்தில் அடங்கும் நமைச்சல் பரவாயில்லை. உதடு வீங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். தின்ற கையோடு ஓடுவது, மது, இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை மூன்றும் எதிர்வினையைக் கூட்டலாம். மூச்சுத் திணறல், உடல் முழுக்கத் தடிப்பு, வாந்தி வந்தால் உடனே நிறுத்தி அவசர உதவி தேடுங்கள். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், ஆப்பிளின் இன்னொரு புரதமான மால் டி 3 அலர்ஜி உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மால் டி 3 சூட்டையும் செரிமானத்தையும் தாங்கும்; அந்த அலர்ஜி உள்ளவர்களுக்கு வேகவைத்த ஆப்பிளும் பாதுகாப்பல்ல. இரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும்.

தேர்வைத் தீர்மானிப்பது, கிடைத்த பலனைத் தக்கவைப்பது எப்படி என்பதுதான். ஊசியின் பலன் நிறுத்திய பிறகும் சில ஆண்டு நிற்கும். ஆப்பிளில் வந்த தாங்குதிறன் தின்னும் வரைதான். அந்த ஆய்விலேயே வழக்கமாகத் தின்பதை விட்டவர்களுக்கு நமைச்சல் திரும்பியது. பயணமோ காய்ச்சலோ குறுக்கிட்டுச் சில வாரம் விட்டுப்போனால் முழுப் பழத்துக்குத் தாவாதீர்கள். எந்தப் படியிலிருந்து மீண்டும் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாரம் மூன்று முறையாவது ஆப்பிள் தின்ன மனமில்லாதவர் இதைத் தொடங்கவே வேண்டாம்.