மூன்று கடைகளுக்குப் பில்லிங் அமைக்கப் போய் ரூ. 2,36,000 போயிற்று: சேலம் கடைக்காரர்கள் கவனத்திற்கு

செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, ஏற்காடு ஆகிய மூன்று இடங்களில் எங்கள் குடும்பம் மளிகைக் கடை நடத்துகிறது. மூன்றுக்கும் ஒரே பில்லிங், ஒரே இருப்புக் கணக்கு வேண்டும் என்று, கடைகளுக்குக் கணினி அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் ஆகஸ்டில் 2,36,000 ரூபாய் கட்டினோம். விலை 2,00,000, ஜிஎஸ்டி 18 சதவீதம், 36,000. தீபாவளி முடிந்து ஒரு வாரமாகிறது. ஒரு கணினி, இரண்டு பிரிண்டர், முத்திரை இல்லாத ஒரு தராசு ஆகியவைதான் இன்று எங்களிடம் இருக்கின்றன.

பாக்கெட் பொருளில் பார்கோடு அச்சாகியே வருகிறது. பருப்புக்கும் மிளகுக்கும் அது கிடையாது. தராசும் பில் போடும் கணினியும் இணைந்தால்தான் சில்லறை எடை வியாபாரத்துக்குக் கணக்கு நிற்கும். நாங்கள் பணம் கட்டியதே அதற்காகத்தான். விற்பனை அலுவலர் கடைக்கு வந்த அன்று, தான் கொண்டுவந்த தராசில் எங்கள் மூட்டையிலிருந்தே ஜவ்வரிசியை அள்ளி வைத்தார். 250 கிராம் என்று காட்டிய மறுநொடியே, தமிழில் பெயரும் எடையும் விலையும் அச்சான ஸ்டிக்கர் வெளியே வந்தது. காலமெல்லாம் சிட்டையில் எழுதியே பழகிய அப்பா, அதை எடுத்துப் பேரேட்டின் அட்டையில் ஒட்டிக்கொண்டார். "ஐயா, இனிமே உங்க கடை எங்க பொறுப்பு" என்று அந்த அலுவலர் சொன்னதும், பாதிப் பணம் மட்டும் கொடுப்பது என்று முடிவுசெய்து வைத்திருந்த நான் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன். அவர் மடிக்கணினியில் இருந்தவை ஐம்பது பொருள்கள். எங்கள் கடையில் இருப்பவை நாலாயிரத்துக்கு மேல். அதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டு பையன்கள் வந்து செவ்வாய்ப்பேட்டையில் மட்டும் பொருத்தினார்கள். அம்மாப்பேட்டைக்கு ஒன்றும் வரவில்லை. ஏற்காட்டுக்கு ஒரு பிரிண்டர் மட்டும் போனது. இணையம் இல்லாமல் இந்த மென்பொருளில் பில்லே வராது என்பதும், மழை வந்தால் இணைப்பு அறுந்துபோகும் மலைக்கு இது உதவாது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. செப்டம்பர் 22 அன்று வரி விகிதம் மாறியது. சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதம் 5 ஆனது. நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. எங்கள் பில்லில் மட்டும் பழைய விகிதமே விழுந்துகொண்டிருந்தது. அதை மாற்றும் அனுமதி எங்களுக்கு இல்லை, அவர்களிடம்தான் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் கணினியை அணைத்துவிட்டுக் கையால் பில் எழுதினோம்.

தொலைபேசியில் முதலில், "ரெண்டு நாள்ல பையன் வருவான் சார்" என்றார்கள். பிறகு, "புகார் எண் போட்டாச்சு, மெசேஜ் வரும்" என்றார்கள். பத்து நாள் கழித்து, அந்த விற்பனை அலுவலர் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நேரில் போனபோது இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஆண்டுப் பராமரிப்புக்குத் தனியாக 30,000 கட்டினால்தான் ஆள் வரும் என்றார்கள். 2,36,000 வாங்கியவர்கள் கேட்கிற பணமா இது? கொடுத்த பணத்துக்கு இன்றுவரை வரி பில்லும் தரவில்லை, மதிப்பீட்டுத் தாள் மட்டுமே தந்திருக்கிறார்கள். எங்களுக்கு விற்றவர்கள் கணக்குக் காட்டிய வரி பதிவாகும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் அந்த 36,000 வரவேயில்லை. கொடுத்த வரியை நாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவும் போயிற்று. வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருள் என்பதால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவதும் எளிதில்லை என்கிறார் வக்கீல்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், மனம் நிலைகொள்ளவில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். மூன்று கடையிலும் ஒரே நேரத்தில் இறங்காமல், ஒரு கடையில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் பொருள் பட்டியல் முழுவதையும் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள். வரி விகிதத்தை நீங்களே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வரி பில் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத தராசைக் கல்லாவில் வைத்திருந்தால் அபராதம் நமக்குத்தான். இப்போது ஆத்தூர்ப் பக்கம் அதே தராசோடு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் மூட்டையிலிருந்தே ஜவ்வரிசி அள்ளி எடைபோட்டுக் காட்டினால், அன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.